மூச்சைத் தொட்ட கை

டெல்ரான் நோயலைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. வருத்தம் அப்புறம்தான் வந்தது. அதுவும் நாலு பேர் பார்க்கிறார்களே என்று நானாக வரவழைத்துக்கொண்டது.

ஒளிப்பானேன்? எங்கள் தீவின் செயின்ட் ஜார்ஜ் துறைமுகத்தில் அவனைப் பார்த்து வயிறு எரியாத ஆண்பிள்ளை கிடையாது. கப்பலில் வந்து இறங்கும் பெண்கள் கடலுக்கடியில் மீன் பார்க்க வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். டெல்ரானோடு போய் மீன் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மினிபஸ்ஸின் முன் சீட்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்து வந்த கெரிஷா, ஒரு நாள் இறங்கிப் போய் அவனுடைய படகில் ஏறிக்கொண்டாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வருகிற சனிக்கிழமை அவர்களுக்குக் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வைத்தாள், சிரித்துக்கொண்டே.

அந்தக் கெரிஷாதான் இப்போது மிஸ் ஓர்லீனின் ஆபீஸில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

மிஸ் ஓர்லீன் கட்ஜோ சுங்க இலாகாவில் பெட்டி சோதித்தே தலை நரைத்தவர். பெட்டியைத் திறக்க மாட்டார், பெட்டிக்காரனின் முகத்தைத்தான் பார்ப்பார். ஓய்வு பெற்றதும் ரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். ஊரிலேயே சிறந்த துப்பறியும் ஆபீஸ் என்று பெயர் வாங்கிவிட்டது, வேறு இல்லாததால். அங்கே நான் உதவியாளன், டிரைவர், சமயத்தில் ரொட்டி வாங்கி வருபவன். பெயர் லெஸ்டர் போலா.

"அழுகையை அப்புறம் வெச்சுக்க டார்லிங். நடந்ததைச் சொல்லு," என்றார் மிஸ் ஓர்லீன், ஒரு புளி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு.

"காலைல கப்பல்ல வந்த ஒரு புருஷன் பெண்டாட்டியை டைவ் கூட்டிக்கிட்டுப் போனான் மிஸ் ஓர்லீன். ஹால்வர்சன்னு பேரு. அமெரிக்காக்காரங்க. கீழ ஆழத்துல போனதும் அந்தம்மாவுக்குக் காத்து நின்னு போச்சு. டெல்ரான்தான் தன்னோட இன்னொரு வாய்க்குழாயை அந்தம்மா வாயில வெச்சு, பிடிச்சு மேல கொண்டாந்தான். கரைக்கு வந்ததும் அந்தப் புருஷன்காரர் நேரா போலீசுக்குப் போய், என் பெண்டாட்டியை இவன் கொல்லப் பார்த்தான்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"காப்பாத்தினவன் மேலயா?"

"சிலிண்டர் வால்வு மூடியிருந்துச்சாம். தண்ணிக்குள்ள அவ கிட்ட இருந்தது டெல்ரான் மட்டும்தானாம்."

"சரி, அவளைக் கொன்னு இவனுக்கு என்ன ஆகணும்?"

கெரிஷாவின் அழுகை சட்டென்று நின்றது. அது நின்ற இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. எனக்கு நன்றாகப் பழக்கமான சரக்கு அது.

"போன வருஷமும் அவ இதே கப்பல்ல தங்கச்சியோட வந்திருந்தாளாம். அப்பவே இவனுக்கும் அவளுக்கும் ஏதோ இருந்துச்சாம். இந்தத் தடவை அவ வேண்டாம்னு ஒதுங்கினதால கோவத்துல இப்படிப் பண்ணிட்டான்னு அந்த ஆளு சொல்றாரு. இந்த வருஷம் புக் பண்றப்பவே டெல்ரான்தான் வேணும்னு பேர் சொல்லிக் கேட்டிருக்கா. அது நிஜம். டைவ் கடையிலயே விசாரிச்சுட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கப்பல் சாயங்காலம் கிளம்பிடும் மிஸ் ஓர்லீன். அவங்க போயிட்டா அந்த ஆளு எழுதிக் குடுத்தது மட்டும்தான் இங்க நிக்கும். அதை வெச்சே இவனை உள்ள தள்ளிடுவாங்க. எப்படியாவது வெளிய கொண்டாந்துடுங்க. அப்படியே..."

"அப்படியே?"

"அது நிஜமான்னும் கேட்டுச் சொல்லுங்க."

"அப்ப இது ரெண்டு கேஸு," என்றேன் நான். "ரெண்டாவதை நான் ஃபீஸ் இல்லாமயே எடுத்துக்கறேன்."

"நீ பேசாத லெஸ்டர்," என்றார்கள் இரண்டு பெண்களும், ஒரே குரலில்.

போலீஸ் ஸ்டேஷனில் சார்ஜண்ட் மாதுரின் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். மேஜைக்குப் பக்கத்தில் அந்தம்மா மாட்டியிருந்த சிலிண்டரும் பட்டைகளும் ஈரம் சொட்டச் சொட்டக் கிடந்தன.

"ஓர்லீன், இதுல துப்பறிய ஒண்ணுமே இல்ல," என்றார் சார்ஜண்ட். "நானே கையால சோதிச்சுட்டேன். வால்வை மூடற பக்கம் திருப்பினேன். இத்தினியூண்டு திரும்பி நின்னுடுச்சு."

"எத்தினியூண்டு?"

அவர் மணிக்கட்டை லேசாகத் திருப்பிக் காட்டினார். "கால் சுத்து இருக்கும்."

"அப்ப முழுக்க மூடலை. மிச்சம் வெச்சிருக்கான்."

"அவசரத்துல மூடியிருப்பான்."

"ஒரு ஆளையே கொல்ல நேரம் இருந்துச்சு, கால் சுத்துக்கு நேரமில்லாமப் போச்சாக்கும்?"

"மனசாட்சிக்குன்னு கொஞ்சம் விட்டு வெச்சிருப்பான் மிஸ் ஓர்லீன்," என்றேன். எனக்கு அந்தக் கேஸ் அப்படியே முடிந்துவிட்டால் தேவலாம் போலிருந்தது.

மிஸ் ஓர்லீன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பெட்டிக்காரர்களைப் பார்க்கிற பார்வை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தேன்.

கம்பிக்குப் பின்னால் டெல்ரான் நீச்சல் டிரவுசரோடு, தோளில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருந்தான். அங்கேயும் பார்க்க நன்றாகத்தான் இருந்தான், பாவி. கையில் சூடாகக் கொக்கோ டீ. அங்கே காவலுக்கு இருந்த பெண் கான்ஸ்டபிள் தன் வீட்டு ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்ததாம். அதே பெண் என் பஸ்ஸுக்கு அபராதம் எழுதியதைத் தவிர எனக்கு இதுவரை வேறெதுவும் கொடுத்ததில்லை.

"வால்வை எப்படித் திறந்து விடுவ?" என்று கேட்டார் மிஸ் ஓர்லீன்.

"முழுக்கத் திறந்து அப்படியே விட்டுடுவேன்."

"கொஞ்சம் பின்னால திருப்ப மாட்டியா?"

"அது பழைய ஆளுங்க பழக்கம் மிஸ் ஓர்லீன். முழுக்கத் திறந்துட்டு, வால்வு இறுகிடக் கூடாதுன்னு கால் சுத்து பின்னால விடுவாங்க. இப்ப இங்க எந்தக் கடையிலயும் அப்படிச் செய்யறதில்ல."

"குதிக்கறதுக்கு முன்னால கடைசியா யார் தொட்டுப் பார்ப்பாங்க?"

"நான்தான். எல்லாருக்கும் நானே பார்ப்பேன். அந்தம்மா கிட்ட போனப்ப அவரு என் கையைத் தட்டி விட்டுட்டாரு. 'என் பெண்டாட்டியைத் தொடாதே, அவளை நான் பார்த்துக்கறேன்'னாரு. வந்த விருந்தாளி கிட்ட என்ன சண்டை போடறதுன்னு ஒதுங்கிட்டேன்."

"கெரிஷாவும் ஒண்ணு கேக்கச் சொன்னா."

அவன் டீயைக் கீழே வைத்தான். "அவளுமா?"

"பதில் சொல்லு."

"அந்தம்மா போன வருஷம் என்கிட்ட பேசினதே மூணு வார்த்தைதான். 'எத்தனை மணிக்குப் படகு'ன்னு கேட்டாங்க. ஏன் என்னைப் பேர் சொல்லிக் கேட்டாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவங்களைத்தான் கேக்கணும்." தலையைக் குனிந்துகொண்டான். "கெரிஷா அப்படிக் கேட்டாளா, நிஜமாவே?"

எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருக்கும் கிளினிக்கில் லினெட் ஹால்வர்சனைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒல்லியான உடம்பு, நல்ல திடமான தோள்கள், இன்னும் உலராத தலைமுடி. ஆபத்து ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில், வெயிலில் வெந்து இறால் நிறத்துக்கு வந்திருந்த ஒரு பெரிய மனிதர் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் புருஷன், வாரன். ஆறுதலுக்குப் பிடித்த பிடி மாதிரி அது தெரியவில்லை. சந்தைக் கூட்டத்தில் பர்ஸைப் பிடித்துக்கொள்வது போலிருந்தது.

மிஸ் ஓர்லீன் கேள்வி கேட்டார். வாரன் பதில் சொன்னார். அடுத்த கேள்வியை லினெட்டின் முகத்தைப் பார்த்தே கேட்டார். அதற்கும் வாரன்தான் பதில் சொன்னார்.

மிஸ் ஓர்லீன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். இந்த ஆளை வெளியே கொண்டு போ என்று அர்த்தம். இந்த வேலைக்கு என்னை விடத் தகுதியானவன் தீவிலேயே கிடையாது. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

"சார், கீழ டைவ் கடைப் பசங்க ரெண்டு பேர் வந்து நிக்கறாங்க. எந்த ரூம்ல இருக்காங்கன்னு வேற கேக்கறாங்க."

சொல்லி முடிப்பதற்குள் மனிதர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். கீழே இரண்டு ஆடும் ஒரு தேங்காய் வண்டியும்தான் இருந்தன.

"எங்க அவனுங்க?"

"உங்களைப் பார்த்ததும் ஓடிட்டானுங்க சார்."

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நான் இரண்டு இளநீர் வாங்கினேன். பொறாமைக்காரனுக்கு இன்னொரு பொறாமைக்காரனை அடையாளம் தெரிந்துவிடும். ஐந்தே நிமிஷத்தில் நாங்கள் நெடுநாள் சிநேகிதர்கள் போலாகிவிட்டோம்.

"தண்ணிக்குள்ள அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான் தெரியுமா?" என்றார் வாரன். "நான் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தேன். என் கண்ணால பார்த்தேன்."

"காத்து குடுக்கத்தான் பிடிச்சதா சொல்றான்."

"காத்து வாய்க்குத்தானே குடுக்கணும்? இடுப்பை எதுக்குப் பிடிக்கணும்?"

"அதானே!" என்றேன், மனசார.

"நான் மட்டும் இல்லைன்னா அவ குதிச்ச இடத்துலயே போயிருப்பா. படகுல அவ வால்வை நான் தொட்டுப் பார்த்தேன். மூடிக் கிடந்துச்சு! நல்லா திருப்பித் திறந்து விட்டேன். அப்புறம் முறைப்படி கால் சுத்து பின்னால. நான் எங்க ஊர்க் கல்குவாரித் தண்ணியில டைவ் கத்துக்கிட்டவன். ஐஸ் மாதிரி இருக்கும். அந்தக் காலத்துல எதையும் ஒழுங்கா சொல்லிக் குடுத்தாங்க. நான் மேல திறந்து விட்டதை இவன் கீழ போய் மறுபடி மூடிட்டான். ஒருத்தியை ரெண்டு தடவை கொல்லப் பார்த்திருக்கான்!"

"தூக்குல போடணும் சார்," என்றேன்.

மிஸ் ஓர்லீன் கீழே வந்து பஸ்ஸில் ஏறும்போது கப்பலிலிருந்து முதல் சங்கு ஊதியது. ஊருக்குள் திரிந்துகொண்டிருந்த பயணிகளைத் திரும்பி வரச் சொல்லும் சங்கு.

"அந்தம்மா விவரமானவங்க," என்றார் மிஸ் ஓர்லீன். "படகுல உக்காந்தபடியே வாய்க்குழாயை வெச்சு நல்லா இழுத்துப் பார்த்தாங்களாம், மீட்டரைப் பார்த்துக்கிட்டே. முள்ளு அசையவே இல்லையாம். காத்து தாராளமா வந்துச்சாம். அப்புறம்தான் எழுந்து நின்னாங்களாம்."

"அப்புறம்?"

"புருஷன்காரர் எதிர்ல வந்து நின்னு, டெல்ரானைத் தள்ளி விட்டுட்டு, இவங்க தோளுக்கு மேல கையை விட்டாராம். தலைமுடி பட்டையில மாட்டியிருக்கு, அதை எடுத்து விடறாருன்னு நினைச்சாங்களாம். உன் சிநேகிதர் உன்கிட்ட என்ன சொன்னாரு?"

வாரன் சொன்னதைச் சொன்னேன். என் 'அதானே'யை மட்டும் விட்டுவிட்டேன்.

மிஸ் ஓர்லீனின் வாயில் புளி உருண்டை ஆடாமல் நின்றது.

"மூடிக் கிடந்துச்சுன்னா சொன்னான்?"

"ஆமா."

"அதைத் திருப்பினேன்னு சொன்னான். கொஞ்சமாவா, நிறையவா?"

"நல்லா திருப்பினேன்னு சொன்னாரு."

மிஸ் ஓர்லீன் போனை எடுத்தார். "மாதுரின், நான் சொல்றதை மட்டும் செய். டெல்ரானையும் அந்தச் சாமானையும் எடுத்துக்கிட்டு டைவ் படகுத்துறைக்கு வா. ஒரு புது சிலிண்டரும் வேணும். கிளினிக்குக்கு ஜீப் அனுப்பு, புருஷனும் பெண்டாட்டியும் வரணும். ஆமா, இப்பவே. கப்பல் போனப்புறம் வந்து என்ன பிரயோசனம்?" போனை வைத்துவிட்டு, "ஓட்டு லெஸ்டர்," என்றார்.

ஓட்டினேன். நேர்வழியில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். கப்பல் நாளில் சந்தை மேட்டுப் பக்கம் திரும்பினால் நகரவே முடியாது. ஒரு இருபது நிமிஷம் அங்கே மாட்டிக்கொண்டால் கப்பல் போய்விடும், சாட்சிகள் போய்விடுவார்கள், சனிக்கிழமைக் கல்யாணமும் போய்விடும். இதையெல்லாம் நான் யோசித்து முடிவு செய்ததாகச் சொல்ல முடியாது. கை தானாகவே ஸ்டீரிங்கைச் சந்தைப் பக்கம் திருப்பியது.

"எந்த வழியில போற?"

"இங்க டிராபிக் கம்மியா இருக்கும்னு..."

"லெஸ்டர்." குரல் உயரவில்லை. "உன் வயிறு எரியட்டும், அது உன் வயிறு. அவன் ஜெயிலுக்குப் போனா அவ உன் பஸ்ஸுல திரும்பி ஏறிடுவாளா? டைவ் கடை வாசல்லயே உக்காந்து அழுவா. நீ தினம் ரெண்டு டிரிப்பும் அதைப் பார்த்துக்கிட்டே போவ. திருப்பு பஸ்ஸை."

திருப்பினேன். எரிச்சலில் இரண்டு கோழிகளைப் பார்த்து ஹாரன் அடித்தேன்.

படகுத்துறையில் கெரிஷா ஏற்கனவே வந்து நின்றாள். விலங்கு மாட்டிய டெல்ரானைப் பார்த்தாள். கிட்டே போகவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கிய லினெட்டை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு பெரிய மீனைக்கூட வறுத்துவிடலாம்.

மிஸ் ஓர்லீன் நேரத்தை வீணாக்கவில்லை. "அம்மா, கஷ்டம்தான். இன்னொரு தடவை இதை மாட்டிக்கறீங்களா? தண்ணிக்குள்ள போக வேண்டாம். நின்னா போதும்."

லினெட் பெஞ்சில் உட்கார்ந்து பட்டைகளை மாட்டிக்கொண்டார். முதுகில் புது சிலிண்டர். விலங்கோடு இருந்த கையாலேயே டெல்ரான் வால்வை முழுக்கத் திறந்தான். சார்ஜண்ட் குனிந்து நின்று பார்த்துக்கொண்டார்.

"இழுத்துப் பாருங்கம்மா. மீட்டரை எல்லாருக்கும் தெரியற மாதிரி பிடிங்க."

லினெட் வாய்க்குழாயைக் கடித்து ஆழமாக இழுத்தார். மறுபடி இழுத்தார். மீட்டரில் முள் ஆணியடித்தது போல நின்றது.

"நல்லாத் திறந்திருக்கு. சார்ஜண்ட், ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்."

"மிஸ்டர் ஹால்வர்சன், காலைல உங்க வீட்டம்மாவைக் காப்பாத்தினீங்களே, அதை அப்படியே செஞ்சு காட்டுங்க. படகுல எப்படி நின்னீங்களோ அப்படியே நின்னு."

வாரனுக்குச் சந்தோஷம். லினெட் எழுந்து நின்றார். வாரன் போய் எதிரே நின்றார், டெல்ரான் நின்ற பக்கத்தைத் தன் முதுகால் நன்றாக மறைத்துக்கொண்டு. மனைவியின் தோளுக்கு மேலே கையை விட்டார். வால்வைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்துத் திருப்பினார்.

"பார்த்தீங்களா!" என்று கத்தினார். "பார்த்தீங்களா எல்லாரும்! மறுபடியும் மூடியே வெச்சிருக்கான் அயோக்கியன்! எவ்வளவு திரும்புது பாருங்க!" திருப்பிக்கொண்டே இருந்தார். அது போய் முட்டி நின்றது. அப்புறம் கவனமாக, முறைப்படி, கால் சுற்று பின்னால் விட்டார். "இப்ப சரியாயிடுச்சு. இவளுக்கு இப்ப ஒண்ணும் ஆகாது."

"இழுங்கம்மா," என்றார் மிஸ் ஓர்லீன்.

லினெட் இழுத்தார்.

முள் சரிந்து கீழே விழுந்தது. மூச்சை விட்டதும் மெல்ல எழுந்தது. இன்னொரு தடவை இழுத்தார். மறுபடி விழுந்தது.

சார்ஜண்ட் இன்னும் குனிந்து மீட்டருக்குள்ளேயே எட்டிப் பார்த்தார். 

"கை பழகின திசை அது," என்றார் மிஸ் ஓர்லீன். "ஒருத்தரோட முதுகுப் பக்கம் நின்னு திருப்பறப்ப, நம்ம பக்கமா இழுத்தா வால்வு திறக்கும். உங்க கல்குவாரியில அப்படித்தான் பழகியிருப்பீங்க. இன்னைக்கு எதிர்ல நின்னீங்க. கை அதே மாதிரி உங்க பக்கமா இழுத்துச்சு. அது மூடிக்கிச்சு. மூடியிருந்ததைத் திறக்கறோம்னு நீங்க நினைச்சீங்க. திறந்திருந்ததை மூடினீங்க. மேலாப்பல இந்தக் கால் சுத்துக் காத்தே போதும், அதனால குதிச்சப்ப ஒண்ணும் தெரியலை. ஆழத்துல ஒரு மூச்சுக்கு எத்தனையோ பங்கு காத்து வேணும். அங்க பத்தலை."

"இல்ல..." என்றார் வாரன்.

"எனக்கு ஸ்டேஷன்லயே உறுத்துச்சு சார்ஜண்ட். கொல்ல வந்தவன் மிச்சம் வைக்க மாட்டான். இறுக்கி மூடிட்டுப் போவான். கால் சுத்து பின்னால விட்டிருக்கான்னா, அது திறக்கறதா நினைச்ச கை. நல்லது செய்யறதா நினைச்ச கை."

சார்ஜண்ட் மாதுரின் தொண்டையைச் செருமிக்கொண்டார். சாவியை எடுத்து டெல்ரானின் விலங்கைக் கழற்றினார். டெல்ரான் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கெரிஷாவைப் பார்த்தான். அவள் அசையவில்லை. லினெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்க வந்ததை அவங்களையே கேளு," என்றார் மிஸ் ஓர்லீன்.

கெரிஷா கேட்டாள்.  "எதுக்கு இவன்தான் வேணும்னு பேர் சொல்லிக் கேட்டீங்க?"

லினெட் அவள் பக்கம் திரும்பினார். "போன வருஷம் இவர் என் பக்கத்துலயே வரலைம்மா. என் தங்கச்சி பயந்தா, அவ கையைப் பிடிச்சுக்கிட்டாரு. நான் பயப்படலைன்னு பார்த்துட்டு, என்னை என் பாட்டுக்கு நீந்த விட்டுட்டாரு. ஒரு கண்ணு மட்டும் தூரத்துலேர்ந்து என் மேல இருந்துச்சு, அவ்வளவுதான். அந்த மாதிரி யாரும் என்னை விட்டதில்ல. அதுக்காகத்தான் கேட்டேன்."

கெரிஷாவின் முகம் கோணியது. அப்புறம் ஓடிப் போய் டெல்ரானைக் கட்டிக்கொண்டு, 'சந்தேகப்பட்டது நான் இல்ல, என் வயிறு' என்று என்னவோ உளறினாள். நான் கடலைப் பார்த்தேன். கடலில் பார்க்க ஒன்றும் இல்லை. எனக்கு எரிந்தது, நன்றாகவே எரிந்தது.

கப்பலின் கடைசிச் சங்கு ஊதியது.

வாரன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "லினெட், நான் உன்னைக் காப்பாத்தத்தான்..."

"தெரியும் வாரன்."

"எனக்குத் தெரியாமப் போச்சு. சத்தியமா."

"அதுவும் தெரியும்." லினெட் கையிலிருந்த குழாயைக் கீழே விட்டார். "கீழ காத்து நின்னப்ப முதல்ல உன்னைத்தான் பார்த்தேன். கையை ஆட்டினேன். நீ இவர் முகத்தையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்த. இவர் என்னைப் பார்த்துட்டு வந்தாரு."

வாரன் கப்பலைத் திரும்பிப் பார்த்தார். "சரி... அதையெல்லாம் ரூம்ல போய்ப் பேசிக்கலாம். வா, ஏணியை எடுத்துடுவாங்க."

"நீ போ. என் பாஸ்போர்ட்டைத் துறைமுக வாசல் ஆபீஸ்ல குடுத்துடு."

"லினெட்!"

"இத்தனை வருஷமா என்னைக் காப்பாத்திக்கிட்டேதான் இருக்க வாரன். எனக்கு மூச்சு முட்டுது."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ரொட்டிக் கடையில் சில்லறை கேட்பது போல மெதுவாகத்தான் சொன்னார்.  வாரன் திரும்பிக் கப்பலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

லினெட் அப்போதுதான் பெஞ்சைத் தேடித் திரும்பினார். காலையில் பட்ட பாடு போதாதென்று முதுகில் அந்தப் பாரம் வேறு. நான்தான் பக்கத்தில் நின்றேன். பட்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டேன். பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு கையால் சிலிண்டரைத் தாங்கி, இன்னொரு கையால் தோள் பட்டையின் கொக்கியைத் தேடினேன். அவர் அழுதுகொண்டிருந்தார். அழுகிற பெண்ணிடம் என்ன பேசுவதென்று எனக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை, அதனால் கொக்கியிலேயே கவனமாக இருந்தேன்.

துறை வாசலில் வாரன் நின்று திரும்பிப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்வை நேராக வந்து, அந்தம்மாவின் தோள் மேல் இருந்த என் கையில் நின்றது. அங்கேயே நின்றது.

வழியனுப்பப் பின்னாலேயே போயிருந்த சார்ஜண்டிடம் அவர் ஏதோ கேட்டார். மாதுரின் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, ஏதோ பதில் சொன்னார். வாரன் கப்பல் ஏணியில் ஏறியதும் சார்ஜண்ட் எங்களிடம் திரும்பி வந்தார்.

"என்ன கேட்டாரு?" என்றார் மிஸ் ஓர்லீன்.

"அந்த பஸ்காரனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டாரு."